பாலூட்டிப் பிரிவிலிருந்து தவளை அறைக்கு

அந்த விலங்குக் காட்சிசாலையில் மிருகங்களைப் பிரித்து வைத்திருந்ததுபோலவே ஆட்களையும் பிரித்து வைத்திருந்தார்கள். பாலூட்டிப் பிரிவு, பறவைப் பிரிவு, கடைசியில் ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் ஒன்றாகப் போட்டு ஒரு பிரிவு. பாலூட்டிப் பிரிவுக்காரர்களுக்கு எப்போதும் கொஞ்சம் கொம்பு முளைத்திருக்கும். கூட்டம் அவர்களிடம்தான் வரும். குழந்தைகள் கைதட்டுவதும் அங்கேதான். சாப்பாட்டு அறையில் மின்விசிறிக்கு நேர்கீழே இருந்த மேசை அவர்களுடையது. பாம்பும் ஆமையும் தவளையும் பார்க்கிறவர்கள் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. அப்படியே நடந்து வந்தது.

விசிலம்மா மின்விசிறி மேசைக்காரி. அவளுக்கு அந்தப் பெயர் ஒரு நீர்நாயால் வந்தது. வலையில் சிக்கிச் செத்துப்போன தாயின் பக்கத்தில் கிடந்த குட்டி என்று சொல்லி, மீன் பிடிக்கிறவர் ஒருவர் அதைச் சாக்குப்பையில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். கண் திறக்காத குட்டி. மணிக்கொரு தரம் பால் கொடுக்கவேண்டும். அவள் அப்போதுதான் பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

“எப்படியும் ராத்திரி முழிச்சுத்தானே இருக்கப்போறீங்க, இதையும் சேர்த்துப் பார்த்துக்குங்க” என்று மேற்பார்வையாளர் அட்டைப்பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அவள், குழாய் வேலை பார்க்கும் கணவர், கைக்குழந்தை, மாடியில் கணவரின் அக்கா. அந்த நாத்தனாருக்கு நாக்கில் எலும்பும் கிடையாது, தடுப்பும் கிடையாது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர், “வீட்டுக்குள்ள நாய் வளர்க்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். நீ தண்ணி நாயைக் கொண்டுவந்திருக்க” என்றார்.

“ரெண்டும் பால் குடிக்கிற பிள்ளைதான், விடுக்கா” என்றார் கணவர்.

மடியில் ஒரு பக்கம் மகள், மறு பக்கம் துணியில் சுற்றிய நீர்நாய்க் குட்டி. மகளுக்குத் தாய்ப்பால், அதற்குப் புட்டி. இரண்டும் ஒரே மாதிரி முட்டின, ஒரே மாதிரி மூச்சு விட்டுக்கொண்டே குடித்தன, குடித்து முடித்ததும் ஒரே மாதிரி தூங்கின. கண் திறந்தபின் துணி துவைக்கும் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் இறக்கிப் பார்த்தாள். குட்டி கத்திக்கொண்டு அவள் கைமேல் ஏறிவிட்டது. “நீர்நாய்னு பேரை வச்சுக்கிட்டுத் தண்ணியப் பார்த்துப் பயப்படுது” என்று நாத்தனார் சிரித்தார். நீர்நாய்க் குட்டிக்கு நீச்சலைத் தாய்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தாய் இல்லாததால் இவள் தினமும் வாளிக்குள் கையை விட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை இருந்தால் அதுவும் இறங்கும். அவள் அறையை விட்டு வெளியே போனால் வாயைக் குவித்து மெல்லிய விசில் அடிக்கும். அதனால் அதற்கு விசில் என்று பெயர் விழுந்தது. அதன் பின்னாலேயே இவள் விசிலம்மா ஆனாள்.

விசில் வளர்ந்து காட்சிசாலைக் குளத்துக்குப் போனது. கூட்டம் அலைமோதியது. பார்க்க வருகிறவர்களில் தினமும் ஒருவராவது அதே கேள்வியைக் கேட்பார்கள்: “இது தண்ணியிலயும் இருக்கு, தரையிலயும் இருக்கு. அப்ப இதுவும் இருவாழ்விதானே?”

விசிலம்மா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். “ரெண்டு இடத்துல இருந்தா இருவாழ்வி ஆயிடாதுங்க. ரெண்டு உடம்பு எடுக்கணும். தவளைக் குஞ்சு வாலோட, செவுளோட தண்ணிக்குள்ள மீன் மாதிரி இருந்துட்டு, அப்புறம் காலு வச்சு, வேற மூச்சு எடுத்துக் கரையேறும். எங்க விசில் பொறந்தப்பவும் இதே உடம்புதான், இப்பவும் இதே உடம்புதான். ரோமம் இருக்கு, பால் கொடுக்கும், சூடான ரத்தம். தண்ணிக்குள்ள போனாலும் மேல வந்துதான் மூச்சு விடணும். நம்ம சாதி.”

பதில் சரிதான். ஆனால் அந்நாள்வரை அவள் ஒரு தவளையையாவது நின்று பார்த்திருப்பாளா என்றால், இல்லை. மழைக்காலத்தில் விசிலின் குளத்துக்குள் சாதாரணத் தவளைகள் தாவி வந்து விழும். விசில் அவற்றைப் பிடித்து முன்கால்களால் உருட்டித் தின்பதைப் பார்த்திருக்கிறாள். தவளையோடு அவளுக்கு இருந்த பழக்கம் அவ்வளவே.

சில வருடம் கழித்து வேறொரு காட்சிசாலையிலிருந்து விசிலுக்கு ஜோடியாக ஓர் ஆண் நீர்நாய் வந்தது. விசில் குட்டி போட்டது. விசிலம்மா வழக்கம்போல ஈர வைக்கோலை மாற்றுவதற்காக வளைக்குள் கையை விட்டாள். அடுத்த நொடி வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் விசிலின் வாய்க்குள் இருந்தன. எலும்புவரை இறங்கிய கடி. மருத்துவமனையில் தைத்தார்கள், கட்டுப் போட்டார்கள், காயம் ஆறியது. விரல்கள் மட்டும் பிறகு மடங்கவே இல்லை.

“ஊட்டி வளர்த்த கையையே கடிச்சிருச்சே” என்று நாத்தனார் ஆற்றாமையோடு சொன்னார்.

“நான் பெத்துப் படுத்திருந்தப்ப எவளாவது தொட்டில்ல கையை விட்டிருந்தா நானும் கடிச்சிருப்பேன், அண்ணி” என்றாள் விசிலம்மா. அதில் அவளுக்குக் கோபமில்லை. தன் மேல்தான் கொஞ்சம் எரிச்சல்: குட்டி போட்டவளிடம் கேட்காமல் கையை விட்டது யார்?

அலுவலகம் வேறு விதமாக யோசித்தது. மீன் வாளியைத் தூக்க முடியாது, கூண்டின் இரும்புத் தாழ்ப்பாளை இழுக்க முடியாது. பாலூட்டிப் பிரிவில் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ‘எளிதான வேலை’ என்று சொல்லி அவளைத் தவளை அறைக்கு மாற்றினார்கள்.

“கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பு ஆன கதைன்னு கேட்டிருக்கேன்” என்றார் நாத்தனார். “நாய் தேய்ஞ்சு தவளை ஆனதை இப்பதான் பார்க்கிறேன்.”

விசிலம்மா புது வேலைக்குப் போனாள். முதல் நாள் மதியம் சாப்பாட்டுப் பெட்டியோடு பழக்க தோஷத்தில் மின்விசிறி மேசைக்குப் போய், பாதி வழியில் நின்று, கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினாள். ஆமை பார்க்கிறவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

தவளை அறை பாம்பு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஜன்னல் கிடையாது. குளிரூட்டி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய தட்டம். அதில் காலை நனைத்து, வெளியே போட்ட செருப்பைக் கழற்றி, உள்ளே மட்டும் போடுகிற ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஈரப் பாசி, தட்டைக் கல், இரண்டு விரல்கடைத் தண்ணீர். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. அனுமதித்தாலும் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது. கட்டைவிரல் நுனி அளவுக்குச் சேற்று நிறத்தில் சில தவளைகள், கல்லுக்குக் கல்லாக உட்கார்ந்திருந்தன. காலை நீட்டினால் மட்டும் தொடையில் ஒரு மஞ்சள் திட்டுத் தெரியும்.

அதற்குப் பொறுப்பு கால்நடை மருத்துவரான ஒரு பெண். விசிலம்மாவை விட இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“ஊருக்கு வெளியில கிடங்குகள் கட்டியிருக்காங்களே, அந்தத் தாழ்ந்த நிலம் முன்னாடி மழை பெஞ்சா குட்டை குட்டையா நிக்கும். இது அங்க இருந்த தவளை. மண்ணு கொட்டி மூடுறதுக்கு முன்னாடி எடுத்தது இவ்வளவுதான்” என்றார்.

“உலகத்துல தவளைக்கா பஞ்சம், மேடம்?”

“தவளைக்குப் பஞ்சம் இல்லக்கா. இந்தத் தவளைக்குத்தான். வேற எங்க தேடியும் கிடைக்கல.”

“எங்க விசிலோட இனமும் குறைஞ்சுக்கிட்டுத்தான் வருதுன்னு போர்டுல எழுதியிருக்கு.”

“குறையுதுதான். வலை, ஆத்து மணல், தோலுக்காக வேட்டை, எல்லாம் இருக்கு. ஆனா நீர்நாய் ஒரு ஆறு கெட்டா நடந்து இன்னொரு ஆத்துக்குப் போயிடும். பல நாட்டுல இருக்கு. இது தான் பொறந்த குட்டையிலேர்ந்து கூப்பிடு தூரம்கூடப் போகாது. குட்டை போனா இதுவும் போச்சு. அது மட்டும் இல்ல, தோல்ல ஒரு பூஞ்சை நோய் வருது. ஒரு குட்டையில நுழைஞ்சா மொத்தக் கூட்டத்தையும் சுருட்டிடும்.”

விசிலம்மாவுக்குப் பிடிபடாத விஷயம் தொடுவதுதான். நீர்நாயிடம் எல்லாமே கையால் நடந்தது. தடவினால் படுக்கும், சொறிந்தால் புரளும். இங்கே கை விஷம். தவளை தோலாலேயே தண்ணீர் குடிக்கிறது, பாதி மூச்சையும் தோலாலேயே விடுகிறது. கையிலுள்ள உப்பு, சோப்பு, வியர்வை எல்லாம் நேராக உள்ளே போய்விடும். கையுறை மாட்டி, அதையும் நனைத்துக்கொண்டுதான் எடுக்கவேண்டும். கையுறைக்குள் அவளுடைய மடங்காத விரல்கள் இரண்டும் குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரும் குழாயிலிருந்து நேராக விடக்கூடாது. மருந்து நெடி போகும்வரை பிடித்துவைத்து ஊற்றவேண்டும். பூச்சி வளர்த்துப் போடவேண்டும். ஊட்டினால் வாங்காது, பூச்சி அசைந்தால்தான் அதன் கண்ணில் படும்.

“இவ்வளவு நாளாச்சு, ஒண்ணுகூட என்னைத் திரும்பிப் பார்க்கல, மேடம்” என்றாள் ஒருநாள்.

“திரும்பிப் பார்த்தா பயந்திருக்குன்னு அர்த்தம். பார்க்காம இருக்கிறவரைக்கும் நீங்க நல்லாப் பார்த்துக்கிறீங்க.”

அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. மதியம் சாப்பிட்டதும் நேராக நீர்நாய்க் குளத்துக்குப் போவாள். விசில் கம்பிவேலிக்கு வந்து முகர்ந்து, விசில் அடிக்கும். கடித்ததைப் பற்றி அதற்கு ஒன்றும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. குளத்தோரத்து ஈர மண்ணில் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு அவள் தவளை அறைக்குத் திரும்புவாள்.

தவளைகள் முட்டையிடவில்லை என்பதுதான் மருத்துவருக்குக் கவலை. மழை பெய்தால்தான் அவை கூப்பிடும். கூப்பிட்டால்தான் ஜோடி சேரும். அறைக்குள் ஏது மழை? விசிலம்மா வீட்டில் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது கணவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

“மழைன்னா என்ன? மேலேர்ந்து தண்ணி சொட்டணும், அவ்வளவுதானே?”

“சொட்டுன்னா சொட்டு இல்லீங்க. முதல்ல தூறல், அப்புறம் வலுக்கணும், அப்புறம் விடணும்.”

மருத்துவர் அனுமதி வாங்கிக் கொடுத்தார். கணவர் மெல்லிய குழாயில் ஊசித் துளைகள் போட்டு, பெரிய தொட்டியின் மூடிக்குக் கீழே பாம்புபோல வளைத்து வைத்து, மீன்தொட்டி மோட்டாரோடு இணைத்தார். தூறலுக்கு ஒரு திருகு, அடைமழைக்கு ஒரு திருகு. மருத்துவர் குளிரூட்டியைக் கூட்டியும் குறைத்தும், பழைய நிலத்தில் பதிவு செய்து வைத்திருந்த தவளைச் சத்தத்தை மெல்ல ஓடவிட்டும் பார்த்தார். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. “உங்க மழையை நம்பித் தவளை கல்லா சமைஞ்சு போச்சு” என்று விசிலம்மாவே கேலி செய்தாள். இன்னும் சில நாள் போனபின், ஒரு பிற்பகல், அவள் பூச்சி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சீப்பின் பல்லை நகத்தால் இழுத்ததுபோல. பதிவைத்தான் ஓடவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். பதிவு அணைந்திருந்தது.

நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தொட்டியில் அது தன் வாயால்தான் பிழைத்தது. காலையில் பாசிக்கடியில் ஜவ்வரிசியைக் கொட்டினதுபோல முட்டைகள் இருந்தன. கணவர் அன்று முழுக்கத் தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தான் மழை பெய்வித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைப்பிரட்டைகள் நன்றாகத்தான் வளர்ந்தன. பின்கால் வந்தது, முன்கால் வந்தது, வால் சுருங்கியது. காலமெல்லாம் பார்வையாளர்களிடம் ஒப்பித்த பதிலை விசிலம்மா இப்போதுதான் கண்ணால் பார்த்தாள். இரண்டாவது உடம்பு வருகிற அந்தச் சில நாட்களில் குஞ்சு எதுவுமே தின்பதில்லை. பழைய வாய் போய்ப் புது வாய் வருகிறவரை தன் வாலையே கரைத்துக்கொண்டு உயிர் வாழ்கிறது. அவள் மருத்துவரிடம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பிறகு, கரையேறியவை சாகத் தொடங்கின. ஏறிய மறுநாளோ அதற்கு மறுநாளோ கால்களை விரித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். தண்ணீருக்குள் இருந்தவை துள்ளிக்கொண்டிருக்க, கரைக்கு வந்தவை மட்டும் செத்தன. மருத்துவர் தோலைச் சுரண்டிப் பரிசோதித்தார். பூஞ்சை.

“வால் இருக்கிறவரைக்கும் அது வாயோரமா மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும், ஒண்ணும் பண்ணாது. புதுத்தோல் வந்ததும் உடம்பு முழுக்கப் பரவிடுது” என்றார்.

“எப்படி மேடம் வந்துச்சு?”

“தெரியாது. தண்ணி, பாசி, பூச்சி, யாரோட கால், கை. எதுவா வேணும்னாலும் இருக்கலாம்.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “வெளித் தவளை வந்து போற இடம் இங்க நீர்நாய்க் குளம்தான்.”

விசிலம்மா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

“உங்களைச் சொல்லலக்கா. நானும் அங்க போயிட்டுத்தான் வர்றேன், வைத்தியம் பார்க்க. காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனா இனிமே இந்த அறைக்குள்ள வர்றவங்க வேற எந்தக் குளத்துப் பக்கமும் போகக்கூடாது. நீர்நாய்க்கு வேற டாக்டரை வரச்சொல்லப் போறேன்.”

“பூட்ஸ்தான் மாத்துறோமே, மேடம்?”

“துணி இருக்கு, முடி இருக்கு. ஒரு தடவை ஆனது போதும்.”

செத்தவற்றை எடுத்தது விசிலம்மாதான். பிழைத்தவற்றைத் தினமும் சிறிது நேரம் மருந்துத் தண்ணீரில் வைத்து எடுத்ததும் அவள்தான். மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கால் தன்போக்கில் குளத்துப் பக்கம் நடந்தபோது, பாதியில் நின்று திரும்பினாள். அதன்பிறகு பாம்பு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகத்தான் வருவாள், போவாள். அந்தப் பாதை சுற்று. ஆனால் அங்கே பேசினால் குளத்துக்குக் கேட்காது. தொடக்கத்தில் ஒருமுறை முன்பக்கம் நின்று பேசிவிட்டாள். சுவருக்கு அப்பால் விசில் கேட்டது. நடுவில் நிற்பதும் மறுபடி தொடங்குவதுமாக அது வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

“பார்க்காமலே எப்படிம்மா இருக்க?” என்று கணவர் கேட்டார்.

“மகளை விடுதியில விட்டுட்டு இருக்கோம்ல, அப்படித்தான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “அதுகூடச் சரியில்ல. மக போன் பண்றா” என்றாள்.

அடுத்த முறை முட்டையிட்டபோது குஞ்சுகள் கரையேறிப் பிழைத்தன. அதற்கடுத்த முறையும். கண்ணாடித் தொட்டிகள் போதாமல் சுவரோரமாக இரண்டாவது அடுக்குப் போட்டார்கள். பாலூட்டிப் பிரிவிலும் நல்ல செய்திதான். விசிலின் கடைசி ஈற்றுக் குட்டிகளை மனித முகம் காட்டாமல் பின்பக்கத்துப் பெரிய அடைப்பில் வைத்து, உயிர் மீன் விட்டு வேட்டை பழக வைத்திருந்தார்கள். ஆற்றில் விடலாம் என்ற நிலைக்கு அவை வந்துவிட்டன.

இரண்டுக்கும் இடம் தேடியதில்தான் சிக்கல் வந்தது. ஆறு வளைந்து போகிற ஒரு திருப்பத்தில் கைவிடப்பட்ட தாழ்ந்த நிலம் காட்சிசாலைக்குக் கிடைத்தது. மழைக்குக் குட்டைகள் நிற்கும். கோடையில் வற்றிவிடுவதால் அவற்றில் மீன் தங்காது. முட்டையைத் தின்ன ஆளில்லை. தவளைக்கு வேறெங்கும் அப்படி இடம் அமையவில்லை. பக்கத்திலேயே ஆறு, கரையெல்லாம் புதர், ஆழமான மடுக்கள். நீர்நாய்க்கும் அது நல்ல இடம். இயக்குநர் இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் விட்டு விழா எடுக்க நினைத்தார். மருத்துவர் முடியவே முடியாது என்றார். நீர்நாய் தவளை தின்னும்.

கூட்டத்துக்கு விசிலம்மாவையும் கூப்பிட்டார்கள். இரண்டையும் வளர்த்த ஆள் அவள் ஒருத்திதான்.

“எனக்கும் தவளை மேல பகை இல்ல” என்றார் இயக்குநர். களைத்துப் போயிருந்தார். “தவளை படத்தைப் போட்டு உதவி கேட்டா ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. நீர்நாய் முகத்தைக் காட்டித்தான் உங்க குளிரூட்டியே ஓடுது. அந்த நிலம் கிடைச்சதும் நீர்நாயாலதான்.”

அது உண்மைதான் என்பது மருத்துவருக்கும் தெரியும்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று இயக்குநர் விசிலம்மாவைக் கேட்டார்.

“நீர்நாயைக் கூப்பிட்டு ‘அந்த மஞ்சத் தொடை தவளையை மட்டும் விட்டுரு’ன்னு சொல்லி அனுப்ப முடியாது, சார்” என்றாள் விசிலம்மா. இயக்குநரே சிரித்துவிட்டார். “டாக்டரம்மா சொன்னதுதான். தவளை முன்னாடி போகட்டும். ஒரு மழைக்காலம் தங்கி முட்டையிட்டுப் பெருகட்டும். நீர்நாயை அப்புறமா ஆத்துல இன்னும் கீழ தள்ளி விடலாம். மீன் நிறைய இருந்தா அது தவளையைத் தேடிக்கிட்டு ஆத்தை விட்டுக் குட்டை இருக்கிற மேட்டுக்கு ஏறாது.”

“ஏறவே ஏறாதா?”

“அதை யாரு சொல்ல முடியும், சார்?”

பேச்சு அதோடு முடியவில்லை. இன்னும் பல நாள் நடந்தது. கடைசியில் அப்படியே முடிவானது. விதிப்படி தவளையோடு போகிறவர் நீர்நாயோடு போகமுடியாது. எதோடு போகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, “இதென்ன கேள்வி, மேடம்” என்று விசிலம்மா பெட்டிகளுக்கு ஈரப் பாசி அடுக்கத் தொடங்கினாள்.

தவளை விட்ட நாளில் கூட்டமில்லை. மருத்துவர், விசிலம்மா, வண்டி ஓட்டி வந்தவர். தூறிக்கொண்டிருந்தது. பெட்டியைக் குட்டையோரம் சாய்த்து வைத்து மூடியைத் திறந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் வெளியே வரவில்லை. பிறகு ஒன்று தாவியது, புல்லுக்குள் போனது, காணோம். அடுத்தது. அதுவும் காணோம். ஓட்டி வந்தவர், “அவ்வளவுதானா?” என்றார். அவ்வளவுதான்.

மறு வருடம் நீர்நாய்களை விட்டபோது நாற்காலியும் மேடையும் போட்டிருந்தார்கள், கேமராக்கள் வந்திருந்தன. விசிலம்மா அதை வீட்டில் உட்கார்ந்து கணவரின் செல்போனில் பார்த்தாள். கூண்டுக் கதவைத் தூக்கியதும் மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தண்ணீருக்குள் பாய்ந்தன. ஒன்று மட்டும் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தது. “உன் பேரப்பிள்ளைங்கதான்” என்றார் நாத்தனார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. “அந்தக் கடைசி, ஆத்தா மூஞ்சி அப்படியே இருக்கு.”

“மூணும் ஒரே மூஞ்சிதான், அண்ணி” என்றாள் விசிலம்மா. ஆனால் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

அந்த வருடக் கடைசியில் விசில் செத்துப்போனது. நோய் ஒன்றுமில்லை, வயது. மருத்துவரே வந்து சொன்னார்: “போய்ப் பார்த்துட்டு வாங்கக்கா. ஒரு வாரம் இந்தப் பக்கம் வராதீங்க. நான் பார்த்துக்கிறேன்.” விசிலம்மா போனாள். மேசைமேல் கிடத்தியிருந்தார்கள். பற்கள் தேய்ந்து மொட்டையாக இருந்தன. முகவாயில் ரோமம் வெளுத்திருந்தது. கழுத்தடியில், அது எப்போதும் சொறியச் சொல்லிக் காட்டுகிற இடத்தில், வெறுங்கையை வைத்தாள். ரோமத்தின் மேல்பக்கம் முரடாகவும் உள்பக்கம் பஞ்சாகவும் இருந்தது. அழவில்லை. வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்து, போட்டிருந்த துணியைத் தனியாக ஊறவைத்தாள். ஒரு வாரம் வீட்டிலேயே இருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நாத்தனாரின் அலமாரியையெல்லாம் துடைத்து அடுக்கினாள். நாத்தனார் அந்த வாரம் முழுக்க அவளை ஒன்றுமே கேலி செய்யவில்லை.

அடுத்த மழைக்கு மருத்துவரும் அவளும் குட்டைகளைப் பார்க்கப் போனார்கள். வெயில் தாழ்ந்து மேகம் கூடிக்கொண்டிருந்தது. புல்லில் காலை வைக்குமுன்பே சத்தம் கேட்டது. சீப்புப் பல் இழுக்கிற அதே சத்தம். தொட்டியில் ஒன்றிரண்டாகக் கேட்டது இங்கே குட்டைக்குக் குட்டை மாறி மாறி எழுந்தது; இருவரும் ஒருவருக்கொருவர் பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. மருத்துவர் தண்ணீரோரம் மண்டியிட்டு டார்ச் அடித்தார். தலைப்பிரட்டைகள். கரையில் வால் முழுதாகச் சுருங்காத குஞ்சு ஒன்று. அசைந்தது, தாவியது.

விசிலம்மா அடுத்த குட்டைக்குப் போய் அங்கே நின்றுவிட்டாள். தட்டையான கல்லின்மேல் கருப்பாக எச்சம் கிடந்தது. அந்த மீன் நெடியை அவள் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள்.

“மேடம், இங்க வாங்க.”

மருத்துவர் குச்சியால் கிளறினார். பெரும்பாலும் மீன் செதில். நடுவில் ஊசி ஊசியாகச் சில எலும்புகள்.

“தவளை எலும்பு” என்றார். “நம்மதா, சாதாரணத் தவளையான்னு இதை வச்சுச் சொல்ல முடியாது.”

“மேட்டுக்கு ஏறியிருக்கு.”

“ஏறியிருக்கு. செதில்தான் அதிகம், பாருங்க. பசிக்கு வரல. வழியில கிடைச்சதைத் தின்னிருக்கு.”

இருவரும் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்கள் பிள்ளைகள் செய்த குறும்பைப் பார்த்துவிட்டு நிற்கிற பெற்றோர்போல. சுற்றிலும் தவளைகள் நிறுத்தவில்லை. மருத்துவர் எச்சத்தில் கொஞ்சத்தை ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். “என்ன ஆச்சு? தவளை பொழைச்சிருக்கா, உன் பேரன் தின்னுட்டானா?”

“ரெண்டும் நடந்திருக்கும் போல, அண்ணி.”

“அப்ப உனக்குச் சந்தோஷமா, வருத்தமா?”

விசிலம்மா யோசித்துப் பார்த்தாள். காலையில் சாப்பிட்டதுதான். “பசிக்குது, அண்ணி” என்றாள்.

நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டை எடுத்து வைத்தார். சாப்பிடும்போது விசிலம்மா கணவரிடம், மேட்டுப் பக்கம் இன்னும் உள்ளே தள்ளி இரண்டு குட்டை வெட்ட டாக்டரம்மா கேட்டிருக்கிறார், அதில் விடுவதற்குக் குஞ்சுகள் இன்னும் நிறைய வேண்டும், பெரிய தொட்டி ஒன்று போதாது என்று சொன்னாள். இன்னொரு மழைக்குக் குழாய் எவ்வளவு நீளம் பிடிக்கும் என்று அவர் கையலம்பாமலே கணக்குப் போடத் தொடங்கினார்.